இறப்பர் மரமும் டெனிஸ் பந்தும்: சப்பிரகமுவத் தோட்டக் கழகங்கள் பற்றிய ஓர் ஆய்வு

கழகம் என்னும் சொல் தமிழில் நெடிய வரலாறு உடையது. திருவள்ளுவர் அதனைச் 'சூது' என்னும் அதிகாரத்திற் சூதாடும் இடத்துக்குப் பெயராக ஆண்டார். கம்பரோ நாட்டுப் படலத்தில் இளைஞர் கலை தெரியும் இடத்தைக் கழகம் என்றார். அவ்வொரு பாடலிலேயே இளமகளிர் பந்து பயிலும் இடத்தையும் அதன் அருகில் வைத்துப் பாடினார். ஆட்டமும் கல்வியும் ஒரு சொல்லின் நிழலில் வந்து தங்கியமை இவ்வாறு. ஆங்கிலேயரின் 'கிளப்' என்னும் அமைப்பு ஈழநாட்டுக்கு வந்தபோது, கற்றோர் அதற்கும் கழகம் என்ற பெயரையே சூட்டினர். தோட்டப்புறத்து மக்கள் அதனைக் 'கிளப்பு' என்றே வழங்கினர். அவர்களுக்கு அது துரைமார் சேரும் இடம். தாம் சேரும் இடமன்று.

ஒரு விளையாட்டுக் கழகத்துக்கு வேண்டுவன சிலவே. உறுப்பினர், அவர் கொடுக்கும் சந்தா, ஊதியம் பெறாது உழைக்கும் கௌரவ காரியதரிசியும் தனாதிகாரியும், ஆடுதற்கு ஒரு நிலம் என்பன அமையின் கழகம் அமைந்துவிடும். இலாபங் கருதாமல், ஆடுவோரே நிருவகிக்கும் இவ்வமைப்பு ஆங்கிலேயர் உலகெங்கும் விதைத்துச் சென்றவற்றுள் நல்லதொன்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களில் அது வேரூன்றிய முறையை நோக்கின், 'ஆடுவோரே நிருவகித்தனர்' என்னும் கூற்று முழு உண்மை ஆகுமா என்ற ஐயம் எழுகின்றது. களத்தைச் செப்பனிட்ட கைகள் எவருடையவை என்பதே இங்கு ஆராய்தற்குரிய வினா.

முதலிற் பந்தை நோக்குவோம். ஐரோப்பாவின் அரண்மனைகளிற் பழைய டெனிஸ் ஆட்டம் பல நூற்றாண்டுகள் நிலவியது. அதற்குரிய பந்து துணியும் மயிரும் திணித்துக் கட்டப்பட்டது. கல் தளத்தில் எழும்பும், புற்றரையில் எழும்பாது. ஆகவே மதில் சூழ்ந்த மண்டபத்தினுள்ளேயே அவ்வாட்டம் அடைபட்டுக் கிடந்தது. அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் இறப்பரைக் கந்தகத்துடன் சேர்த்து வெப்பமூட்டிப் பதப்படுத்தும் முறைக்கு 1844 இல் உரிமம் பெற்றார். அதன்பின்னரே உள்ளீடற்ற இறப்பர்ப் பந்து பிறந்தது. புல்லின்மேலும் துள்ளி எழுந்தது. 1874 இல் மேஜர் வோல்ற்றர் விங்பீல்ட் என்பார் புற்றரை டெனிசுக்கு உரிமம் பெற்று, வலை, மட்டை, பந்து யாவற்றையும் ஒரு பெட்டியில் அடக்கி விற்கலானார். 1877 இல் விம்பிள்டனில் முதலாவது போட்டி நடைபெற்றது. இவ்வாட்டத்தின் உயிர் இறப்பரில் உள்ளது என்று கூறின் அது மிகையாகாது.

விம்பிள்டன் போட்டி தொடங்குவதற்கு ஓராண்டு முன்னர், 1876 இல், ஹென்றி விக்கம் பிரேசில் நாட்டிலிருந்து கொணர்ந்த இறப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அக்கன்றுகளுட் பெரும்பகுதி, ஏறக்குறைய 1,900, இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவுக்கு அண்மையில் ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. ஆட்டமும் மரமும் ஏறத்தாழ ஒரே காலத்திற் புறப்பட்டு, ஓரிரு தலைமுறையுட் சப்பிரகமுவ மலைச்சாரலில் ஒன்றையொன்று சந்தித்தன. இத்தகைய பொருத்தங்களை வரலாறு வேண்டுமென்று செய்வதில்லை. ஆயினும் கண்டவிடத்து நின்று நோக்காமற் செல்வதும் இயலாது.

சப்பிரகமுவ 1889 இல் தனி மாகாணமாயிற்று. கோப்பி நோயால் அழிந்தபின், மாகாணத்தின் உயர்ந்த பகுதிகளிலே தேயிலையும், தாழ்ந்த பகுதிகளிலே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இறப்பரும் பரவின. மாகாண எல்லையை அடுத்த அவிசாவளைக்கு 1902 இலும், எட்டியாந்தோட்டைக்கு 1903 இலும், இரத்தினபுரிக்கு 1912 இலும் ஒடுங்கிய பாதைப் புகையிரதம் வந்து சேர்ந்தது. 1919 இல் அது ஒப்பநாயக்கவை எட்டியது. இறப்பர் கொழும்புக்கு இறங்கிய அதே பாதையால் மட்டைகளும் பந்துகளும் மலையேறின எனலாம்.

துரைமாரின் வாழ்க்கை தனிமை மிக்கது. ஒரு தோட்டத்துக்கும் மறு தோட்டத்துக்கும் இடையே பல கட்டைத் தூரம். இடையில் ஆறும் காடும். தொழில் நலன் கருதி 1854 இலேயே கண்டியில் இலங்கைத் தோட்டக்காரர் சங்கம் நிறுவப்பட்டிருந்தது. பொழுதுபோக்குக்கு மாவட்டந்தோறும் கழகங்கள் எழுந்தன. மத்திய மலைநாட்டில் டிம்புல, தரவளைக் கழகங்கள் பெயர் பெற்றவை. அவிசாவளைக்கு அடுத்த தல்துவையில் அமைந்த களனிப் பள்ளத்தாக்குக் கழகம் அவ்வரிசையைச் சேர்ந்தது. றகர் ஆட்டத்தாலும் நாடறிந்தது. வாரத்தில் ஒரு நாள் கழக நாளாகும். துரைமார் முதலிற் குதிரையிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் வந்து கூடினர். பகலிற் கிரிக்கெட் அல்லது றகர், மாலையில் டெனிஸ், இரவில் விருந்து என அந்நாள் கழியும். றகருக்கு முப்பதின்மர் வேண்டும். டெனிசுக்கோ இருவர் போதும். பெண்டிரும் ஆடலாம். ஆகவே பங்களா முற்றத்துக்கே உரிய ஆட்டமாக அது நிலைபெற்றது. துரையின் பங்களா உள்ளவிடத்து ஒரு டெனிஸ் தளம் இருப்பது புதுமையன்று.

தளம் அமைப்பது இலகுவான காரியம் அன்று. கோட்டுக்குள் அடங்கும் பகுதி மட்டும் 78 அடி நீளமும், இரட்டையர் ஆட்டத்துக்கு 36 அடி அகலமும் உடையது. நாற்புறமும் ஓடியாட இடம் விடின் 120 அடிக்கு 60 அடி வேண்டும். சரிவான மலையில் இத்துணைச் சமநிலம் இயற்கையில் எங்கும் கிடையாது. மலையை ஒருபுறம் வெட்டி, வெட்டிய மண்ணை மறுபுறம் கொட்டி, கல்லணை கட்டித் தட்டாக்க வேண்டும். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. நீர் வடியக் கான் வெட்டாவிடின் ஒரே பருவத்தில் தளம் சேறாகிவிடும். புல் வளர்த்தால் அது விரைந்து உயரும். மண் இட்டாலோ ஒவ்வொரு மழைக்குப் பின்னரும் உருளை இழுத்து இறுக்க வேண்டும். பின்னர்ச் சுண்ணாம்பால் கோடு கீற வேண்டும்; வலையை நடுவில் 3 அடி உயரத்துக்கு இழுத்துக் கட்ட வேண்டும். இத்தனையும் முடிந்தபின் மாலை நான்கரை மணிக்கு வெள்ளை உடையணிந்த நால்வர் வந்து ஒரு மணி நேரம் ஆடுவர்.

இவ்வேலைகளைச் செய்தவர் லயத்திலிருந்து வந்த தொழிலாளர். பங்களாத் தோட்டக்காரரின் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் இருந்தது. பிரட்டுக்களத்திற் கங்காணி ஆளைப் பிரித்துவிடும்போது, மலைக்கு இத்தனை பேர், ஸ்டோருக்கு இத்தனை பேர், பங்களாவுக்கு இத்தனை பேர் என்று பெயர் விழும். உருளை இழுத்தவனுக்கும் அன்றைய பேர் போடப்பட்டது, கூலியும் கிடைத்தது. அவனுக்குக் கிடையாதது ஒன்றே: மட்டை. சிறுவர்க்கோ பந்து பொறுக்கும் வேலை கிட்டியது. அதிற் சில சதக் காசும், தேய்ந்துபோன பழைய பந்தும் கிடைப்பதுண்டு. அப்பந்து லயத்து வாசலிற் கிரிக்கெட் பந்தாகப் பிறவி எடுத்துப் பல காலம் வாழ்ந்தது.

அச்சிறுவனின் தந்தை விடியுமுன் எழுந்து இறப்பர் மலைக்குச் சென்றவன். வெயில் ஏறுமுன் வெட்டினாற்றான் பால் நன்றாக ஓடும். மரத்தின் பட்டையைச் சாய்வாகச் சீவி, வழியும் பாலைச் சிரட்டையில் ஏந்தி, முற்பகலில் அதனைச் சேர்த்து ஸ்டோரில் ஒப்படைப்பான். அங்கே அமிலம் இட்டு உறையவைத்து, தகடாக உருட்டி, புகைக்கூடத்தில் உலர்த்துவர். மழை பெய்யின் பால்வெட்டு இல்லை, டெனிசும் இல்லை. ஒரே மழை இருவர் பொழுதையும் கெடுத்தது. ஆயினும் ஒருவர்க்கு ஆட்டமும் மற்றவர்க்கு உழைப்பும் தடைப்பட்டன என்பதை மறத்தல் தகாது. எந்தப் பந்தினுள் எந்தத் தோட்டத்துப் பால் சென்று சேர்ந்தது என்பதை எவரும் அறியார்.

கௌரவ காரியதரிசி ஊதியமின்றி உழைத்தார் என்பது மெய்யே. கணக்கெழுதினார், போட்டி ஒழுங்கு செய்தார், பந்துக்கு ஓலை அனுப்பினார். துரைசானிமார் முறைவைத்துத் தேநீர் விருந்து நடத்தினர். இவையெல்லாம் தொண்டு என்னும் பெயருக்கு உரியனவே. ஆனால் அத்தொண்டின் அடித்தளத்தில் வேறொருவரின் உடலுழைப்பு கிடந்தது. அவ்வுழைப்பாளி கழகத்தின் உறுப்பினர் பட்டியலில் இல்லை.

இக்கோடு தோட்டத்தில் மட்டும் கீறப்பட்டதன்று. லெனாட் வூல்ப் 1905 ஆம் ஆண்டு தைமாதத்தில் யாழ்ப்பாணம் வந்து அரசாங்க சேவையில் அமர்ந்தார். 1961 இல் வெளிவந்த தம் தன்வரலாற்று நூலில், மாலைதோறும் அங்கிருந்த வெள்ளையர் டெனிஸ் ஆடியதையும், ஆட்டம் முடிந்ததும் ஒன்றாக அமர்ந்து மதுவருந்திப் பேசியதையும் அவர் விரித்துரைக்கின்றார். டெனிஸ் அவர்களுக்கு வெறும் தேகாப்பியாசம் அன்று. யார் நம்மவர், யார் அல்லர் என்பதை நாள்தோறும் உறுதிசெய்யும் சடங்கு. அச்சடங்கை மீறியவர்க்கு நேர்ந்தது யாது? அவுஸ்திரேலியரான மார்க் பிரேஸ்கேடில் 1936 இல் தோட்டத் தொழில் பயில வந்தவர். மடுல்கலையை அடுத்த தோட்டத்தில் தொழிலாளர் பக்கம் நின்றமையால் வேலையிழந்தார். இலங்கைச் சமசமாஜக் கட்சியில் சேர்ந்த அவரை நாடு கடத்துமாறு 1937 இல் தேசாதிபதி கட்டளையிட, உயர் நீதிமன்றம் அக்கட்டளையைச் செல்லாதென்றது. அக்கட்சியின் தலைவருள் ஒருவரான கலாநிதி என். எம். பெரேரா, 1936 முதல் சட்டசபையில் ருவான்வெல்லைத் தொகுதிக்கு, அதாவது கேகாலை மாவட்டத்துத் தோட்டங்கள் செறிந்த பகுதிக்கு, பிரதிநிதியாக இருந்தவர். தோட்டத்துரைமாரைக் கலங்க வைத்த அப்பெரியார் பிற்காலத்தில் இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் தலைவராகவும் அமர்ந்தார். விளையாட்டைத் துரைமாரிடம் விட்டுவிட அவர் ஒருப்படவில்லை போலும்.

துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே எழுதுவினைஞர், கணக்கப்பிள்ளை, ஸ்டோர் உத்தியோகத்தர், தோட்ட வைத்தியர் என ஒரு வகுப்பார் இருந்தனர். இவருட் பலர் யாழ்ப்பாணத்தவர். இவர்கள் தமக்கெனச் சிறு பொழுதுபோக்குக் கழகங்கள் அமைத்துக் கரம், பூப்பந்து, கடதாசி ஆட்டம் ஆடினர். மேலே உள்ள கழகம் தம்மை உள்ளே விடாமையை அவர்கள் உணர்ந்தனர். கீழே உள்ளவரைத் தாம் உள்ளே விடாமையை எத்துணைப்பேர் உணர்ந்தனர் என்பது வேறு வினா. யாழ்ப்பாணக் கல்லூரிகளிற் பயின்று தோட்டத்துக்குச் சென்றவர்களின் வழிவந்தோர் இதனைச் சற்றுச் சிந்திப்பது நன்று.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் வேறொரு சமூகம் இதே கோட்டை எதிர்கொண்டது. அமெரிக்காவிற் கறுப்பினத்தவரை அந்நாட்டுப் புற்றரை டெனிஸ் சங்கம் சேர்க்கவில்லை. ஆகவே அவர்கள் 1916 இல் அமெரிக்க டெனிஸ் சங்கம் என்ற பெயரிலே தமக்கெனத் தனிச் சங்கம் நிறுவினர். வைத்தியரும் ஆசிரியரும் ஓய்வுநேரத்தில் அதனை நடத்தினர். வேர்ஜீனியாவில் லிஞ்ச்பேர்க் நகரத்து வைத்தியரான றொபேட் வோல்ற்றர் ஜோன்சன் தம் வீட்டு வளவிலேயே தளம் அமைத்து இளைஞரைப் பயிற்றினார். அங்குப் பயின்றவருள் அல்தியா கிப்சன் 1957 இலும் 1958 இலும் விம்பிள்டனில் வென்றார். மற்றொருவர் ஆதர் ஆஷ். அவருடைய தந்தை ரிச்மண்ட் நகரிற் கறுப்பினத்தவர்க்கென ஒதுக்கப்பட்ட விளையாட்டுத் திடலின் காவலாளர்; வீடும் அத்திடலினுள்ளேயே இருந்தது. தளத்தைப் பேணியவரின் மகன் 1975 இல் விம்பிள்டன் வெற்றிக் கிண்ணத்தைக் கையிலேந்தினான். அங்கே காவலாளர் மகனுக்குத் தளம் திறந்திருந்தது. இங்கே பந்து பொறுக்கியவனுக்கு அது திறக்கவில்லை. வேற்றுமை அவ்வளவே.

ஆற்றற் குறைவு காரணம் என்பார்க்கு விடை தேடத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தோட்டத் தொழிலாளரின் முன்னோர் திருநெல்வேலி, மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர். அத்தென்தமிழ் நாட்டிற் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன், தந்தை ரி. கே. இராமநாதனிடமே ஆட்டம் பயின்று, 1954 இல் விம்பிள்டன் இளைஞர் பட்டம் வென்றார். 1960, 1961 ஆம் ஆண்டுகளில் அரையிறுதி வரை சென்றார். 1966 இல் இந்திய அணியை டேவிஸ் கிண்ண இறுதிப் போட்டிவரை நடத்திச் சென்றவரும் அவரே. அவர் மகன் இரமேஷ் 1979 இல் அதே இளைஞர் பட்டத்தை வென்றார். ஒரு மட்டையும், ஒரு தளமும், அருகிருந்து கற்பிக்க ஒருவரும் கிடைத்ததன் பயன் இது.

தொழிலாளர் தமக்கெனத் தளம் அமைக்காமைக்கு வறுமை ஒன்றே காரணம் அன்று. கரப்பந்தாட்டம் அவர்களிடையே செழித்தது. கோயில் திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் அவர்கள் தாமே பணம் திரட்டினர், தாமே பந்தல் இட்டனர். தொண்டு செய்யும் பழக்கம் லயத்தில் என்றும் உண்டு. இல்லாதது நிலமும் நிலைபேறுமாம். டெனிஸ் தளம் ஒருநாளில் கட்டி மறுநாள் அவிழ்க்கும் பந்தல் அன்று. பல்லாண்டு அங்கேயே வாழ்வோம் என்ற உறுதி உள்ளவரே மலையை வெட்டித் தட்டாக்குவர். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வுறுதியைப் பறித்தது. மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 ஐப்பசி மாதத்தில் ஒப்பமிட்ட சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேர் இந்தியா செல்லவும் 300,000 பேர் இலங்கைக் குடிகளாகவும் வகுத்தது. எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னரே தீர்மானிக்கப்பட்டது. எப்பக்கம் தம் பெயர் விழும் என்று காத்திருந்த குடும்பத்துக்கு விளையாட்டுத் தளம் ஓர் எண்ணமாகவும் தோன்றியிராது. அதன்மேல் 1977 இலும் 1981 இலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் வன்செயல் புகுந்தது. பலர் வன்னிக்கும் தமிழகத்துக்கும் இடம்பெயர்ந்தனர். குடியுரிமைச் சிக்கல் சட்டத்தளவில் முற்றாக அவிழ்ந்தது 2003 இலேயாகும்.

இதற்கிடையில் துரைமாரின் உலகும் சரிந்தது. 1972 ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டம் தனியார் உடைமைக்கு 50 ஏக்கர் எல்லை வகுத்தது. 1975 இற் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் கப்பலேறினர். 1992 இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது; ஆயினும் ஒரு மாலைப்பொழுது ஆட்டத்துக்காக நாள் முழுதும் உருளை இழுக்க ஆள்விடும் காலம் திரும்பவில்லை. டிம்புல, தரவளை போன்ற பெருங் கழகங்கள் இன்றும் நிலவுகின்றன. பங்களாத் தளங்களுட் பலவற்றிலோ புல் மண்டியது. சில மரக்கறித் தோட்டமாயின. சில வாகனம் நிறுத்தும் இடமாயின. இவற்றை அழித்தது அரசியல் என்று துக்கிப்பாருளர். தம் கையாற் பேணாத களத்தைத் தம் கையாற் காக்கவும் இயலாது என்பதே அவ்வழிவிற் காணப்படும் செய்தி. உருளை இழுத்தவருக்கு அத்தளத்தில் ஒரு மணி நேரமாவது உரிமை இருந்திருப்பின், துரை சென்றபின்னும் அவர் அதனைக் கைவிட்டிருப்பாரா?

இன்று தோட்டத்தில் ஊரவர் கழகம் ஒன்று அமைக்க விரும்புவோர்க்கு முதலிற் குறுக்கிடுவது நிலக்கணக்கே. 2015 ஆம் ஆண்டின் பின் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தனிவீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் நிலம் வழங்கும் முறை வந்தது. அஃது ஏறத்தாழ 1,900 சதுர அடி. முழு டெனிஸ் தளத்தின் கோட்டுக்குள் அடங்கும் பகுதியே 2,808 சதுர அடி. சுற்றிடத்துடன் 7,200 சதுர அடி, அதாவது 26 பேர்ச்சுக்கு மேல். ஒரு குடும்பத்தின் வாழ்விடத்தினும் ஒரு தளம் பெரிது. பொது நிலமோ தோட்ட நிருவாகத்தின் அனுமதியில் தங்கியுள்ளது. வாய்மொழி அனுமதி முகாமையாளர் மாறுந்தோறும் மாறும். எழுத்தில் பெறும் அனுமதியே கழகத்தின் முதற் சொத்து ஆகும்.

ஆயினும் சிறுவர்க்கு முழுத்தளம் வேண்டியதில்லை. பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வேகங்குறைந்த பந்துகளையே பயன்படுத்தவேண்டும் என்று சர்வதேச டெனிஸ் சம்மேளனம் 2012 முதல் விதித்துள்ளது. அவற்றுள் மிக மெதுவான சிவப்புப் பந்துக்கு 36 அடி நீளமும் 18 அடி அகலமும் உடைய தளம் போதும். அது 648 சதுர அடி. இரண்டரைப் பேர்ச்சுக்கும் குறைவு. நாள்தோறும் காலையிற் பேர் கூப்பிட்டு ஆள் பிரிக்கப்பட்ட பிரட்டுக்களம் அதனினும் பெரிது. இயல்பாகவே இறுகிச் சமனாயிருப்பது. மாலையில் வெறுமையாய்க் கிடப்பது. இரு தடிகளை நட்டு முப்பத்திரண்டு அங்குல உயரத்தில் ஒரு வலையைக் கட்டினால் ஆடலாம். மட்டைக்கும் பந்துக்கும் சந்தா திரட்டும் கணக்குப் புத்தகத்தைத் தோட்டப் பாடசாலையில் உயர்வகுப்பு மாணவர் இருவர் எழுதலாம். கோடு கீறுவதையும் வலை கட்டுவதையும் ஆடுவோர் முறைவைத்துச் செய்யலாம். காலமும் ஒத்துழைக்கும். தை, மாசி மாதங்களில் இறப்பர் மரம் இலையுதிர்க்கும். பால் குறைந்து வெட்டு ஓயும். சப்பிரகமுவ மழையும் அப்பொழுதுதான் சற்றுத் தணியும். பங்குனியின் பிற்பகுதியில் இடிமழை தொடங்குமுன் ஏறக்குறைய எட்டு வாரம் மாலைப்பொழுது உலர்ந்திருக்கும்.